வருசா வருசம் எரு கொட்றேன், ரிப்போர்ட்ல கார்பன் மட்டும் 0.4ஐ தாண்ட மாட்டேங்குது

#1 கொங்கு_காட்டுக்காரன்

எல்லாத்துக்கும் வணக்கமுங்க. போன தடவ ட்ரிப் லைன்ல உப்பு அடைக்கறதுக்கு வழி சொன்னீங்க, அது சரியாயிருச்சு, இப்ப வேற புலம்பல்.

மூணு ஏக்கரா செம்மண் காடு, கிணத்துப் பாசனம், சின்ன வெங்காயம் மக்காச்சோளம் மஞ்சள்னு மாத்தி மாத்தி வெக்கறது. ஆறு வருசமா ஏக்கராவுக்கு அஞ்சு டன் தொழு உரம் தவறாம அடிக்கறேன், நம்ம மாட்டு எரு பத்தாம பக்கத்து ஊர்ல லோடு வாங்கி ஆளு கூலி குடுத்து எறைச்சு, நடுவுல ரெண்டு தடவ சணப்பு வெதைச்சு மடக்கி உழுதும் விட்டாச்சு. எரு போட ஆரம்பிக்கறப்ப மண்ணு டெஸ்ட்ல அங்கக கார்பன் (எரு, இலைதழை மக்கி மண்ணுல நிக்கற கார்பன்) 0.38 சதவீதம், இப்ப போன வாரம் வந்த ரிப்போர்ட்ல 0.41. ஆறு வருசத்துக்கு இந்த 0.03 தானுங்களா? வாங்கின எருவுக்கு பில்லு எடுத்து கூட்டுனா எனக்கே தலை சுத்துது.

ரிப்போர்ட் குடுத்த பையன் கிட்ட கேட்டேன், "நம்மூரு வெயிலுக்கு எல்லாம் எரிஞ்சு போயிருமுங்க"ன்னான். எரிஞ்சு போறதுன்னா என்னங்க, நானென்ன தீயா வெச்சேன்? வெயில் வேற வருசம் வருசம் ஏறிட்டே போகுது, அப்ப இன்னும் எரியுமா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 சும்மா_ஒருத்தன்

லேப்ப மாத்துங்க ப்ரோ.

#3 டைட்ரேஷன்_தம்பி

நான் ரெண்டு வருசம் மண் பரிசோதனை லேப்ல குப்பை கொட்டுனவன், அதனால சும்மா அண்ணன் சொன்னதுல பாதி நியாயம் இருக்கு, பாதி இல்ல. அங்க என்ன நடக்குதுன்னா, சலிச்ச மண்ணுல ஒரு கிராமோ அரை கிராமோ எடுத்து பொட்டாசியம் டைகுரோமேட் ஊத்தி, மேல கந்தக அமிலம் விட்டா குடுவை கை வெக்க முடியாத அளவுக்கு கொதிக்கும், அந்த சூட்டுல கார்பன் ஆக்ஸிடைஸ் ஆகும், அரை மணி நேரம் ஆற வெச்சு தண்ணி ஊத்தி இண்டிகேட்டர் விட்டு டைட்ரேட் பண்ணனும். கருநீலமா கலங்கி இருக்கறது ஒரே சொட்டுல பளிச்னு பச்சைக்கு மாறும். அந்த ஒரு சொட்டு முன்னபின்ன போனா உங்க 0.38 0.41 ரெண்டும் ஒண்ணுதான். வாக்லி பிளாக் முறைன்னு பேரு, இது மொத்த கார்பனயும் புடிக்காது, முக்கால்வாசி தான் புடிக்கும், மிச்சத்துக்கு 1.3ஆல பெருக்கி விடறது.

அதுக்கும் மேல பெரிய கோளாறு மண்ணு எடுக்கறதுல. வரப்போரம், எருக்குழி பக்கம், மரத்தடி இங்கெல்லாம் எடுக்கக் கூடாது, மேல கெடக்கற குப்பைய தள்ளிட்டு V மாதிரி குழி வெட்டி சைடுல இருந்து ஒரே கனத்துல செதுக்கி எடுக்கணும். ஆறு வருசம் முன்னாடி எங்க எடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா அண்ணே?

#4 கொங்கு_காட்டுக்காரன்

தம்பி, அப்ப எடுத்தது எங்கப்பாருங்க. அவரு எங்க குத்துனாரோ சாமிக்குத் தான் தெரியும்.

#5 கணக்குப்புலி

சரி, லேப் தப்பு பண்ணலைன்னே வெச்சுப்போம், கணக்கு போடலாம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர், 15 செமீ ஆழம்னா சுமார் 607 கன மீட்டர் மண்ணு, கன மீட்டருக்கு 1.4 டன் வெச்சா 850 டன். ஆக ரிப்போர்ட்ல 0.1 ஏறணும்னாலே ஏக்கருக்கு 850 கிலோ சுத்த கார்பன் மண்ணுல தங்கணும்.

இப்ப உங்க அஞ்சு டன் எருவ பாருங்க. பாதி தண்ணி, மிச்ச ரெண்டரை டன்ல மண்ணு சாம்பல் எல்லாம் கலந்திருக்கும், கார்பன்னு 30% போட்டா வருசத்துக்கு 750 கிலோ. ஆறு வருசத்துக்கு 4500 கிலோ. உங்களுக்கு ஏறினது 0.03, அதாவது 255 கிலோ. நூத்துக்கு அஞ்சாறு தான் மண்ணுல நின்னிருக்கு. மிச்சம் 4200 கிலோவுக்கு மேல காத்தோட போயிருச்சு.

லேப் பையன் சொன்னது தப்பில்ல, ஆனா எரிச்சது வெயில் இல்ல.

#6 சும்மா_ஒருத்தன்

வெயில் இல்லன்னா யாரு, பக்கத்து தோட்டத்துக்காரனா

#7 மண்வாசம்_அக்கா

வெளியூர்ல இருந்து எட்டிப் பாக்கறேன், இது நான் தினமும் கட்டி மாரடிக்கற விசயம், அதனால கொஞ்சம் நீளமா போகும் மன்னிச்சுக்கோங்க.

தின்னது நுண்ணுயிர்ங்க. ஒரு கிராம் மண்ணுல பாக்டீரியா மட்டும் கோடிக்கணக்குல இருக்கும், பூஞ்சை தனி. நீங்க எரு போட்டீங்கன்னா அதுகளுக்கு பந்தி. நாம சோறு தின்னா என்ன ஆகுது, கொஞ்சம் உடம்புல ஒட்டுது, மிச்சம் மூச்சுல கரியமில வாயுவா போகுது, அதே தான் அங்கயும். நூறு பங்கு கார்பன் தின்னா முப்பது நாப்பது பங்கு உடம்பாகும், மத்தது மூச்சு. அந்த உடம்பும் செத்த பிறகு அடுத்த கூட்டம் அதையும் தின்னும், அங்கயும் ஒரு பங்கு மூச்சு. இப்படியே சுத்தி சுத்தி கடைசியில களிமண்ணுல ஒட்டிக்கிட்டு தப்பிச்சது தான் உங்க ரிப்போர்ட்ல வர்ற 0.41. நிறைய பேரு நினைக்கற மாதிரி மண்ணுல நிக்கற கார்பன் மக்காத இலைதழை இல்ல, அதுல பெரும்பங்கு, சில மண்ணுல பாதி வரைக்கும், செத்த நுண்ணுயிரோட மிச்சம் தான். அதனால அதுகள திட்டாதீங்க அண்ணா, தின்னதும் அதுக தான், சேத்து வெச்சதும் அதுக தான்.

சூடு ஏறினா என்ன ஆகும்ங்கறது தான் உலகம் பூரா அடிச்சுக்கற கேள்வி. ஏன் அடிச்சுக்கறாங்கன்னா, உலகத்து மண்ணுல மேல ஒரு மீட்டர்ல மட்டும் சுமார் 1500 பில்லியன் டன் கார்பன் இருக்கு, காத்துல இருக்கறது சுமார் 900 தான். மண்ணு வருசா வருசம் விடற மூச்சு மனுசன் பெட்ரோலும் நிலக்கரியும் எரிச்சு விடறத விட பல மடங்கு, செடி அதை திருப்பி இழுத்துக்கறதால தான் கணக்கு சமமா ஓடுது. அந்த மூச்சு ஒரு அஞ்சு சதவீதம் கூடுனாலும் சமாளிக்க முடியாது.

இதுக்கு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஹார்வர்ட் ஃபாரஸ்ட்னு ஒரு காட்டுல 1991ல ஜெர்ரி மெலில்லோன்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் ஒரு வேலை பண்ணாங்க. 6 மீட்டருக்கு 6 மீட்டர்னு 18 பாத்தி, அதுல மூணுல ஒரு பங்குல 10 செமீ ஆழத்துல 20 செமீக்கு ஒண்ணா கரண்ட் கேபிள் புதைச்சு, சுத்தி இருக்கற மண்ண விட எப்பவும் 5 டிகிரி சூடா இருக்கற மாதிரி வெச்சாங்க. இன்னொரு பங்குல அதே கேபிள புதைச்சு கரண்ட் மட்டும் குடுக்கல, ஏன்னா தோண்டினதுனாலயே ஏதாவது மாறிச்சான்னு தெரியணும்ல. மூணாவது பங்கு தொடவே இல்ல. நான் ஒரு வேலையா பனிக்காலத்துல அந்தக் காட்டுக்கு போயிருக்கேன், சுத்தி எல்லாம் வெள்ளையா பனி, நடுவுல சதுரம் சதுரமா இலைச்சருகு தெரியற வெறுந்தரை, யாரோ பாய் விரிச்ச மாதிரி. எனக்கு நம்மூர்ல நெல்லு காயப்போடற களம் தான் ஞாபகம் வந்துச்சு.

26 வருச முடிவ 2017ல வெளியிட்டாங்க. மொத பத்து வருசம் சூடு போட்ட பாத்திலருந்து மூச்சு எக்கச்சக்கம். எல்லாரும் "அவ்ளோ தான்"னு பயந்தாங்க. அப்புறம் ஏழு வருசம் சூடு போட்டதுக்கும் போடாததுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. எல்லாரும் "அப்பாடா, பழகிருச்சு"ன்னாங்க. அப்புறம் திரும்பவும் ஆறு வருசம் ஏறிச்சு! அப்புறம் மறுபடி ஒரு அமைதி. மொத்தமா மேல் 60 செமீல இருந்த கார்பன்ல 17% காலி.

முதல்ல சுலபமா செரிக்கறத தின்னு தீத்தாங்க, தீந்ததும் பட்டினி கெடந்தாங்க, அந்தப் பட்டினிக்குள்ள கூட்டமே மாறி, லிக்னின் மாதிரி கெட்டியான சரக்க ஒடைக்கத் தெரிஞ்சவங்க தலையெடுத்தாங்க, ரெண்டாவது பந்தி ஆரம்பிச்சிருச்சு. நடுவுல அந்த ஏழு வருச அமைதியில யாராவது சோதனைய மூட்டை கட்டியிருந்தா நாம இன்னைக்கு தப்பான பாடத்த படிச்சிட்டு இருப்போம்.

#8 கொங்கு_காட்டுக்காரன்

அக்கா ரெண்டு தடவ படிச்சேன். ஆறு வருசமா நானு பந்தி போட்டுட்டு இருந்திருக்கேன், மொய் மட்டும் யாரும் எழுதல.

#9 வெட்டி_வக்கீல்

எல்லாம் சரி, பனி பெய்யற காட்டுல கரண்ட் வெச்சு சூடாக்கிட்டு அதை வெச்சு பொங்கலூருக்கும் பெருந்துறைக்கும் ஜோசியம் சொல்றதா? நம்ம மண்ணு காலங்காலமா வெயில்லயே கெடக்குது, நம்ம நுண்ணுயிரும் நம்மள மாதிரி வெயிலுக்கு பழகினது தானே. 40 டிகிரில வாழறவனுக்கு 42 என்ன பண்ணும்?

#10 மண்வாசம்_அக்கா

> நம்ம நுண்ணுயிரும் நம்மள மாதிரி வெயிலுக்கு பழகினது தானே

இதே நினைப்பு தான் ரொம்ப நாளா எல்லாருக்கும் இருந்துச்சு வக்கீல் சார், வெப்பமண்டல மண்ணு அசையாதுன்னு. அதுக்குத் தான் பனாமால பாரோ கொலராடோ தீவுல மழைக்காட்டு மண்ண ஒரு மீட்டருக்கும் மேல ஆழம் வரைக்கும் 4 டிகிரி சூடு பண்ணிப் பாத்தாங்க, ஆண்ட்ரூ நாட்டிங்ஹாம் குழு, 2020ல முடிவு வந்துச்சு. ரெண்டே வருசத்துல கரியமில வாயு 55% கூடிருச்சு. அதுல பெரும்பங்கு வேரோட மூச்சு இல்ல, நுண்ணுயிரோடது.

இன்னொண்ணு, கலிஃபோர்னியாவுல பிளாட்ஜெட் காட்டுல ஒரு மீட்டர் ஆழம் வரைக்கும் 4 டிகிரி ஏத்திப் பாத்தாங்க. அடி மண்ணுல இருக்கறது பழைய கார்பன், யாரும் தொட மாட்டாங்கன்னு இருந்த நம்பிக்கையும் அங்க போச்சு, அஞ்சு வருசத்துக்குள்ள அடி மண்ணு கார்பன்ல மூணுல ஒரு பங்கு காணோம்.

ஆனா உங்க கேள்வில ஒரு நியாயம் இருக்கு. ரெண்டுமே காடு, கொட்டிக் கெடக்கற சாப்பாடு. நம்ம செம்மண்ணுல சாப்பாடே கம்மி. சூடு ஏறினா பசி ஏறும், ஆனா தட்டுல சோறு இருந்தா தானே தின்னும். ஐஸ்லாந்துல 2008 மே மாசம் ஒரு நிலநடுக்கம் வந்து, பூமிக்கடியில சுடுதண்ணி ஓட்டம் மாறி, ஒரு புல்வெளி தானாவே சூடாயிருச்சு, இயற்கையே கேபிள் புதைச்ச மாதிரி. அங்க பாத்தா வருசக்கணக்கா ஆன பிறகும் ஒவ்வொரு நுண்ணுயிரும் வேகமாத்தான் தின்னுது, பழகவே இல்ல. மூச்சு குறைஞ்சதுக்கு காரணம் ஆளு குறைஞ்சது. சாப்பாடு தீந்து கூட்டம் சுருங்கிப் போச்சு.

#11 கணக்குப்புலி

இதோட சேத்து ஒண்ணு. 1977ல ஜென்கின்சன், அயனாபான்னு ரெண்டு பேரு ஒரே மாதிரி கதிரியக்கக் குறி போட்ட புல்ல இங்கிலாந்து ரோத்தம்ஸ்டெட்லயும் நைஜீரியா இபாதான்லயும் மண்ணுல கலந்து வெச்சாங்க. மக்கின விதம் ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி, மொதல்ல சர்ருன்னு அப்புறம் மெதுவா. ஆனா வேகம் இபாதான்ல நாலு மடங்கு. இங்கிலாந்துல நாலு வருசத்துல நடக்கறது அங்க ஒரு வருசத்துல முடிஞ்சிருச்சு. பத்து டிகிரிக்கு ரெண்டு மடங்குன்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, கிட்டத்தட்ட அதுக்குள்ள தான் வருது.

ரோத்தம்ஸ்டெட்ல 1843ல இருந்து ஒரு கோதுமை வயல்ல வருசா வருசம் ஏக்கருக்கு 14 டன் எரு போட்டு வர்றாங்க. அங்க கார்பன் ரெண்டு மடங்குக்கு மேல ஏறியிருக்கு. நீங்க போடறது அஞ்சு டன், அதுவும் நாலு மடங்கு பசியில இருக்கற மண்ணுல, அதுவும் ஆறே வருசம். எதிர்பார்ப்ப கொஞ்சம் இறக்கிக்கலாம் அண்ணே.

#12 டெல்டாக்காரன்

நாங்க கடைமடை, நெல்லு. ஒரு சந்தேகம். எங்க ஊருல வயல்ல தண்ணி நிக்கறப்ப சேத்துல கால வெச்சா புளுக் புளுக்குனு கொப்புளம் வரும், சின்ன வயசுல அதுல விளையாடியிருக்கோம். அது மீத்தேன்னு இப்பத்தான் கூட்டத்துல வந்து சொல்றாங்க, நெல்லு வெக்கறவனால தான் உலகம் சூடாகுதுங்கற மாதிரி பேசறாங்க. இது என்னா கதை?

#13 மண்வாசம்_அக்கா

உங்கள யாரும் குத்தவாளி ஆக்கலண்ணா, ஆனா கொப்புளம் நிஜம். தண்ணி நின்னா மண்ணுக்குள்ள காத்து போகாது, ஆக்சிஜன் இல்லாம வாழற ஒரு கூட்டம் இருக்கு, பாக்டீரியாவும் இல்ல, ஆர்க்கியான்னு தனி சாதி, அதுக தின்னா மூச்சுல மீத்தேன் வரும். நீங்க பாத்த கொப்புளம் அதுல கொஞ்சம் தான், பெரும்பங்கு நெல்லுப் பயிரோட தண்டு வழியாவே மேல போயிரும். நெல்லுத் தண்டுக்குள்ள காத்துக்குழாய் இருக்குல்ல, வேருக்கு காத்து கொண்டு போறதுக்காக அது வெச்சிருக்கற வழி, அதே வழில மீத்தேன் மேல ஏறிக்குது. வேர் பக்கத்துல ஆக்சிஜன் கொஞ்சம் கசியற இடத்துல மீத்தேன தின்னற இன்னொரு கூட்டம் உக்காந்திருக்கும், கொஞ்சத்த அதுக முழுங்கிரும். நூறு வருசக் கணக்குல மீத்தேன் கரியமில வாயுவ விட 28 மடங்கு கிட்ட சூடு புடிக்கும், 20 வருசக் கணக்குல 80 மடங்கு. மண்ணு சூடேறினா இந்த உற்பத்தியும் ஏறும்.

இதுல வேடிக்கை என்னன்னா, தண்ணி நிக்கற மண்ணுல மக்கறது மெதுவாத்தான் நடக்கும். அதனால நெல்லு வயல்ல கொங்கு அண்ணன் காட்ட விட கார்பன் நல்லாவே நிக்கும். கார்பன் நிக்குதுன்னு சந்தோசப்பட்டா மீத்தேன், மீத்தேன் வேண்டாம்னு வடிச்சா மக்கற வேகம்.

#14 நாத்தாங்கால்

அதுக்குத் தான் காய்ச்சலும் பாய்ச்சலும். துளை போட்ட பைப்ப வயல்ல புதைச்சு, தண்ணி மட்டம் 15 செமீ கீழ போனப்புறம் அடுத்த தண்ணி கட்டறது. மீத்தேன் பாதி அளவுக்கு குறையுது, தண்ணியும் மிச்சம். எங்க போர் தண்ணி வயல்ல ரெண்டு போகமா பண்றேன், விளைச்சல் குறையல.

#15 டெல்டாக்காரன்

நாத்தாங்கால் தம்பி, உனக்கு போர் இருக்கு, சுவிட்ச் போட்டா தண்ணி. எங்களுக்கு ஜூன் 12 மேட்டூர் திறந்து, தலைமடைக்காரன் குடிச்சு, நடுமடைக்காரன் குளிச்சு, எங்களுக்கு முறை வர்றப்ப வந்தத புடிச்சு கட்டிக்கணும். இன்னைக்கு காயப்போட்டுட்டு அடுத்த முறை தண்ணி வரலன்னா குறுவை கருகிரும், வர்ற தண்ணி எந்த நாளைக்கு வரும்னு வாய்க்கால பாக்கறவங்களுக்கே தெரியாது. முறை வர்ற தேதிய ஒழுங்கா சொல்லச் சொல்லு, நானும் பைப் புதைக்கிறேன். அத விட்டுட்டு வயல்ல வந்து பைப்போட போட்டோ எடுத்துட்டுப் போறாங்க.

#16 நாத்தாங்கால்

அது நியாயந்தான் அண்ணா, நான் என் வயல வெச்சு பேசிட்டேன்.

#17 வெட்டி_வக்கீல்

அக்கா பனாமா மேட்டருக்கு நன்றி, அது எனக்குத் தெரியாது. ஆனா ஒரு எதிர்வாதம் வெக்காம போனா எனக்கு தூக்கம் வராது. 2016ல உலகம் பூரா 49 இடத்து சோதனைய கூட்டி, 2050க்குள்ள மண்ணுலருந்து 55 பில்லியன் டன் கார்பன் போயிரும்னு பெரிய பத்திரிகையில போட்டாங்கல்ல, அப்புறம் அது நிக்கலைன்னு கேள்விப்பட்டேனே?

#18 கணக்குப்புலி

க்ரௌதர்ங்கறவரோட குழு போட்ட கட்டுரை அது. அந்த 55க்கு பக்கத்துலயே கூட்டல் கழித்தல் 50னு போட்டிருந்தது, நியூஸ்ல எவனும் அதை எழுதல. அதாவது அஞ்சாவும் இருக்கலாம் நூத்தஞ்சாவும் இருக்கலாம். 2018ல வேற குழு 143 இடத்து டேட்டாவ சேத்து அதே கணக்க போட்டுப் பாத்தாங்க, மொத கட்டுரை சொன்ன அந்த உறவு, அதாவது கார்பன் நிறைய இருக்கற இடத்துல நிறைய போகும்ங்கறது, டேட்டா கூடினதும் நிக்கல.

இதுக்கு காரணமும் அக்கா சொன்னதுக்குள்ளயே இருக்கு பாருங்க. ஒவ்வொரு சோதனையும் ரெண்டு வருசம் அஞ்சு வருசம். ஹார்வர்ட் காட்டுல ஏழு வருச அமைதி இருந்துச்சுல்ல, அந்த நேரத்துல அளந்திருந்தா "சூட்டுக்கு ஒண்ணுமே ஆகல"ன்னு எழுதியிருப்பாங்க. ஒரே காட்டுல எந்த வருசம் அளந்தோங்கறத வெச்சே பதில் மாறுது, இதுல 49 காட்ட கூட்டி வகுத்தா என்ன வரும்?

மண்ணு கார்பன் எப்படி மாறும்னு கணக்கு போடற பழைய கம்ப்யூட்டர் மாடல் எல்லாத்துலயும் மண்ணுல நுண்ணுயிர்னு ஒரு ஆளே கெடையாது, கார்பன் ஒரு டப்பாலருந்து இன்னொரு டப்பாக்கு இந்த வேகத்துல ஒழுகும், சூடு ஏறினா வேகம் ஏறும், அவ்ளோ தான். நுண்ணுயிர உள்ள வெச்சு போட்ட மாடல்ல பதில் ரெண்டு பக்கமும் போகுது, எல்லாம் அக்கா சொன்ன அந்த "நூத்துக்கு எத்தனை உடம்பாகுது"ங்கற நம்பர்ல தொங்குது.

#19 மண்வாசம்_அக்கா

ஆமா, அந்த நம்பர் தான் எங்க வயித்துப் பொழப்பு. சூடு ஏறினா நுண்ணுயிருக்கு சும்மா உயிரோட இருக்கவே செலவு கூடும், அதனால உடம்பாகற பங்கு குறையும், மூச்சு கூடும். இது சுலபமான சாப்பாட்டுக்கு பெருசா தெரியாது, கெட்டியான சாப்பாட்டுக்கு நல்லா தெரியும். செரிட்டா ஃப்ரே குழு 2013ல ஹார்வர்ட் காட்டு மண்ணயே எடுத்து பாத்தாங்க. 18 வருசம் சூடு வாங்கின மண்ணுல அந்த இறக்கம் கம்மியா இருந்துச்சு, அதாவது அந்தக் கூட்டம் கெட்டி சரக்க செலவு கம்மியா தின்ன கத்துக்கிச்சு. இது நல்லதா கெட்டதான்னு கேட்டா ரூம்ல நாலு பேரு நாலு பக்கம் பேசுவோம். உடம்பாகற பங்கு கூடினா செத்த மிச்சம் கூடும், மண்ணுல நிக்கும்னு ஒரு கட்சி. ஆளு பெருகினா பழைய கார்பன அதிகமா திம்பாங்கன்னு இன்னொரு கட்சி. 2023ல உலகளவு மண்ணு டேட்டாவ வெச்சு வந்த ஒரு பெரிய ஆய்வு மொத கட்சிக்கு சாதகமா இருந்துச்சு, நூத்துக்கு அதிக பங்கு உடம்பாகற இடத்துல கார்பனும் அதிகமா நிக்குதுன்னு. நானும் மொத கட்சி தான், ஆனா எங்க பக்கத்து டேபிள் பொண்ணு ஒத்துக்க மாட்டா.

கொங்கு அண்ணா, இதெல்லாம் இருக்கட்டும், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோடையில உழவு ஓட்டிட்டு மொத மழை வர்றப்ப மண் வாசனை அடிக்கும்ல, அப்ப மண்ணு எப்படி இருக்கும், ரொட்டவேட்டர் ஓட்டுன மண்ணா?

#20 கொங்கு_காட்டுக்காரன்

ஆமாங்க அக்கா. பங்குனி கடைசில ரெண்டு ஓட்டு ரொட்டவேட்டர் விட்டா மாவு மாதிரி ஆயிரும், சித்திரை பூரா காஞ்சு கெடக்கும், கால் வெச்சா பொசுக்கும். அப்புறம் ஒரு கோடை மழை வந்தா ஊரே மணக்கும். ஏனுங்க, அதுல என்ன?

#21 மண்வாசம்_அக்கா

அந்த வாசனையே ஸ்ட்ரெப்டோமைசிஸ்னு ஒரு வகை நுண்ணுயிர் தயாரிக்கற ஜியோஸ்மின் தான். நமக்கு வாசனை, அதுகளுக்கு அன்னைக்கு கெடா வெட்டு. 1958லயே பர்ச்னு ஒருத்தர் கிழக்கு ஆப்பிரிக்க மண்ண வெச்சு எழுதிட்டார், நல்லா காஞ்ச மண்ண நனைச்சா கரியமில வாயு குப்புனு கெளம்பும், எவ்ளோ காஞ்சிருந்துச்சோ அவ்ளோ வேகம். காயறப்ப பாதி கூட்டம் செத்துக் கெடக்கும், மண்ணு கட்டி உடைஞ்சு உள்ள ஒளிஞ்சிருந்த கார்பன் வெளிய தெரியும், தண்ணி பட்டதும் பொழைச்சவங்க எல்லாத்தையும் சேத்து முழுங்கிருவாங்க. ரொட்டவேட்டர் என்ன பண்ணுதுன்னா, ஒளிஞ்சிருக்கற கட்டிய எல்லாம் நீங்களே உடைச்சு இலை போட்டு பரிமாறுது.

அதுக்காக உழவே வேண்டாம்னு சொல்ற கட்சி இல்ல நானு. வெங்காயத்துக்கு பொலபொலன்னு மண்ணு வேணும், தெரியும். ஆனா சித்திரையில அந்த மாவ வெறும் மேனியா போட்டு வெக்க வேண்டாம்.

#22 தோப்புக்காரம்மா

மூடாக்கு போட்டா மண்ணு சூடு நல்லா குறையும். எங்க தென்னந்தோப்புல மட்டைய பொடிச்சு போட்ட இடத்துல மதியம் ரெண்டு மணிக்கு கை வெச்சா சில்லுனு இருக்கும், ஒரு முழம் தள்ளி வெறுந்தரையில வெச்சா கை சுடும். அளந்து வெக்கல, கை கணக்கு தான்.

#23 சும்மா_ஒருத்தன்

கார்பன் கிரெடிட்னு ஒரு ஏஜென்ட் எங்க ஊருக்கு வந்து மண்ணுல கார்பன் ஏத்துனா ஏக்கருக்கு இவ்ளோ ரூவானு கையெழுத்து வாங்கிட்டு போனான், பத்து மாசம் ஆச்சு போன் எடுக்கல. இங்க படிச்சப்புறம் தான் தோணுது, 0.03 ஏறிச்சா இல்லையானே தெரியாதப்ப அவன் எதை அளந்து எனக்கு காசு குடுக்கப் போறான்?

#24 டைட்ரேஷன்_தம்பி

உங்க கையெழுத்த அளந்திருப்பான் ப்ரோ.

#25 பாட்டன்_நிலம்

கோயம்புத்தூர் வேளாண் பல்கலையில 1909ல ஆரம்பிச்ச நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கு, யாரும் சொல்லலயே. நூறு வருசம் தாண்டி ஒரே துண்டுல ஒரே மாதிரி உரம் போட்டு வர்றாங்க, ஒண்ணுல எரு மட்டும், சிலதுல ரசாயனம், ஒண்ணுல ஒண்ணுமே இல்ல. எரு போட்ட துண்டுல கார்பன் ஒண்ணும் போடாத துண்ட விட தெளிவா அதிகம். கொங்கு வெயில்லயே நடந்தது இது, அமெரிக்கா இல்ல.

இதுல முக்கியம் அந்த ஒண்ணும் போடாத துண்டு. காட்டுக்கார தம்பி, நீங்க 0.38ல ஆரம்பிச்சு 0.41னு மட்டும் பாக்கறீங்க. எரு போடாம இருந்திருந்தா 0.38லயே நின்னிருக்கும்னு யாரு சொன்னா? 0.30க்கு எறங்கியிருக்கலாம்ல. ஒத்திப் பாக்க ஒரு துண்டு விடாம கணக்கு பேசறதுல அர்த்தமில்ல.

#26 மண்வாசம்_அக்கா

ஐயா சொன்னது நூத்துக்கு நூறு. ஹார்வர்ட் காட்டுல கரண்ட் குடுக்காம கேபிள் மட்டும் புதைச்சாங்கன்னு சொன்னேனே, அதுவும் இதுக்குத் தான்.

#27 கணக்குப்புலி

அண்ணே ஒரு வேலை பண்ணுங்க. ஏழு இடத்துல மண்ணு எடுத்து, கலக்காம ஏழையும் தனித்தனி பொட்டலமா லேப்ல குடுங்க. காசு கொஞ்சம் ஆகும். ஆனா உங்க காட்டுக்குள்ளயே எவ்ளோ ஏற்ற இறக்கம்னு தெரிஞ்சா தான் 0.03ஐ வெச்சு அழறதா வேண்டாமானு முடிவு பண்ண முடியும்.

#28 கொங்கு_காட்டுக்காரன்

எல்லாத்துக்கும் நன்றிங்க, ஒரு மாசம் கழிச்சு வர்றேன், வெங்காயம் புடுங்கற வேலையில மாட்டிக்கிட்டேன்.

புலி சொன்ன மாதிரியே ஏழு குழி, தம்பி சொன்ன மாதிரி V வெட்டி, நெழல்ல காயப்போட்டு குடுத்தேன். ரிப்போர்ட் வந்துருச்சு. 0.33, 0.36, 0.39, 0.40, 0.44, 0.45, 0.49. எல்லாம் ஒரே நாளு ஒரே காடு. அந்த 0.49 எங்கன்னு பாத்தா பழைய கட்டுத்தறி இருந்த எடம், எங்கப்பாரு காலத்துல பத்து மாடு கட்டுவாரு, அதை எடுத்தே இருவது வருசம் ஆச்சு. 0.33 வந்தது ரோட்டோரம், மழை பேஞ்சா மேல் மண்ணு அரிச்சுட்டு போற மேடு.

அக்கா, கால் ஏக்கரா தனியா விட்டிருக்கேனுங்க, அதுல ரொட்டவேட்டர் இல்ல, கொக்கி கலப்பை ஒரு ஓட்டு மட்டும், மேல மக்காச்சோளத் தட்டு மூடாக்கு. அதுக்குப் பக்கத்துலயே கால் ஏக்கரா ஐயா சொன்னபடி எருவே போடாம. மூடாக்குல கரையான் ஏற ஆரம்பிச்சிருச்சு, அதுக்கு என்னங்க பண்றது?

லேப்ல குடுத்தது போக மிச்ச மண்ணு ஏழு பொட்டலமும் நம்பர் போட்டு திண்ணைல வரிசையா இருக்குது. கோலத்துக்கு செம்மண்ணா வாங்கிட்டு வந்தீங்கன்னு வீட்ல கேட்டு, 0.49ஐ எடுத்து வாசல்ல பார்டர் கட்டிட்டாங்க.